ஷைனியின் ஒறுத்தல்

குருத்து ஞாயிறு காலையில் ஊரே கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆனந்தம்மாள் டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். இறக்கிய வேகத்தில் பெட்டி தரையில் 'டங்'கென்று இடித்தது. சமையலறையில் நின்றிருந்த கிறிஸ்டிக்கு அது நெஞ்சில் இடித்தது.

"அப்பா, பிள்ளையோட துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க. கிளம்புற அன்னிக்குக் கடைசி நிமிஷத்துல தேடிக்கிட்டிருக்க முடியாது" என்றாள் ஆனந்தம்மாள்.

ஏசுராஜ் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கும் மருமகளுக்கும் நடுவே நாலு அடி தூரம்கூட இல்லை.

"அவ இங்கதானேம்மா நிக்கிறா. அவளுக்கே கேக்குது."

"நான் உங்ககிட்டதான் சொல்றேன்."

கிழவர் பெருமூச்சு விட்டார். மூன்று மாதமாக அந்த வீட்டில் அவருக்குத் தபால்காரர் உத்தியோகம். கிறிஸ்டி பக்கம் திரும்பி, "துணி எடுத்து வைக்கணுமாம்மா" என்றார்.

"ஈஸ்டர் முடியட்டும், பேசிக்கலாம்னு அவர் சொன்னாரு மாமா" என்றாள் கிறிஸ்டி மெதுவாக.

"பேசறதுக்கு என்ன இருக்குன்னு கேளுங்கப்பா. ஈஸ்டர் முடிஞ்ச திங்கட்கிழமை சிஸ்டர் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஹாஸ்டல்ல இடம் கிடைக்கிறதே கஷ்டம். எனக்காகக் குடுத்திருக்காங்க."

வாசலில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்த கிறிஸ்டியின் புருஷன் ஜெரால்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை. அக்கா பேசும்போது வாயைத் திறந்து அவனுக்குப் பழக்கமில்லை.

அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு நாலு வயதாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்த ஆனந்தம்மாள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்றாள். அவன் எட்டாவதோடு படிப்பை விட்டபோது அடித்தாள், அழுதாள், பிறகு தன் நகையை விற்று ஒரு சின்ன லாரி வாங்கிக் கொடுத்தாள். அந்த லாரியில்தான் இன்றைக்கும் மரக்காணத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறான். அக்காவுக்கு அவன் நன்றியோடு இருந்தது நியாயம்தான். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றிக்கெல்லாம் வட்டி கட்டியவள் கிறிஸ்டி, அதுதான் அநியாயம்.

இத்தனைக்கும் நடுவே, பெட்டிக்குச் சொந்தக்காரி தெருவில் நின்று எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு ஷைனி. காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஷைனி பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தண்ணீர் எடுத்து வா என்று அனுப்பினால் குடத்தை வழியில் வைத்துவிட்டு யார் வீட்டுப் பூனையையாவது தூக்கிக்கொண்டு வருவாள். பரீட்சையில் முதல் மூன்று கேள்விக்கு முத்து முத்தாகப் பதில் இருக்கும். நாலாவது பாதியில் நிற்கும். மீதித் தாள் வெள்ளையாக இருக்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. அறிவு இல்லாத பிள்ளையா என்றால் இல்லை. வெடுக்கென்று அவள் கேட்கும் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் தேட வேண்டும்.

பள்ளிக்கூடத்திலிருந்து தினம் ஒரு புகார் வந்தது. வகுப்பு டீச்சர் பிரியங்கா மிஸ் நல்ல மாதிரி. கிறிஸ்டியைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ வேணும்னு பண்ற மாதிரி எனக்குத் தெரியலைங்க. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில குழந்தைங்க டாக்டர் இருக்காங்க, ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது வீட்டில் சண்டை.

"நான் எத்தனை வருஷமா டீச்சரா இருக்கேன்" என்றாள் ஆனந்தம்மாள். அப்போது அவள் கிறிஸ்டியோடு பேசிக்கொண்டிருந்த காலம். "என் கிளாஸ்ல பாதிப் பசங்க இப்படித்தான் இருக்குதுங்க. எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறேன்? இப்ப இருக்கிற ஸ்கூலுக்கெல்லாம் பிள்ளை பொம்மை மாதிரி உக்காரணும். உக்காரலைன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வான்றாங்க. அவங்க சொல்லித்தர முடியாததுக்குப் பிள்ளைக்கு வியாதின்னு பேர் வைக்கிறாங்க."

அவள் சொன்னதில் உண்மையே இல்லை என்று கிறிஸ்டியால் நினைக்க முடியவில்லை. அதையேதான் டாக்டரிடமும் கேட்டாள். சங்கீதா டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உங்க நாத்தனார் சொல்றது சரிதாம்மா. வால்தனம் பண்ற எல்லாப் பிள்ளைக்கும் இது கிடையாது. ஸ்கூல்ல மட்டும் இப்படி இருந்தா நான் ஸ்கூலைப் பாருங்கன்னு சொல்லுவேன். வீட்ல மட்டும் இருந்தா வீட்டைப் பாருங்கன்னு சொல்லுவேன். அதனாலதான் அவசரப்பட மாட்டேன்."

அவசரப்படவும் இல்லை. கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள். தூக்கம் எப்படி, வீட்டில் அடிதடி உண்டா என்று விசாரித்தார்கள். பிரியங்கா மிஸ்ஸிடம் போனில் பேசினார்கள். ஷைனியை விளையாட விட்டு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பல தடவை அலைந்த பிறகுதான் பேரைச் சொன்னார். ஏ.டி.ஹெச்.டி. "பைத்தியம் இல்ல, மந்தம் இல்ல. கவனத்தை ஒரு இடத்துல பிடிச்சு வைக்கிறது இவளுக்கு மத்தவங்களை விட ரொம்பக் கஷ்டம். அவ்வளவுதான்" என்றார்.

"என் வளர்ப்புல வந்த தப்பா மேடம்?"

"இல்லம்மா."

அந்த ஒரு வார்த்தைக்காகக் கிறிஸ்டி மரக்காணம் வரும் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். பத்து வருஷமாக யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

டாக்டர் இரண்டு காரியம் சொல்லியிருந்தார். ஒன்று, காலையில் ஒரு மாத்திரை. இன்னொன்று, சாயங்காலம் பிள்ளை பக்கத்தில் பொறுமையாக ஒரு ஆள் இருக்க வேண்டும். கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் ஓட்டம், மறுபடி கொஞ்சம் படிப்பு. கிறிஸ்டி அப்போது பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஏ.சி. கடை, நிழலில் வேலை. ஆனால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும், அதற்குள் பிள்ளை தூங்கிப்போகும். பொங்கல் கழிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியதும் அவள் கடையை விட்டுவிட்டு உப்பு வாரப் போனாள். உப்பளத்தில் விடியுமுன் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடலாம். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள்.

காரணத்தை ஜெரால்டிடம் சொன்னாள். அவன் "ம்" என்றான். அதோடு சரி.

ஆனந்தம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம், டீச்சர் வீட்டு மருமகள் தலையில் கூடை தூக்குகிறாள் என்பதுதான். பிள்ளைக்கு மெண்டல் மாத்திரை கொடுப்பது ஒரு அவமானம். உப்பளம் இரண்டாவது அவமானம். "கடையில என்ன தகராறு பண்ணிட்டு வந்தாளோ" என்று அப்பாவிடம் சொன்னாள். மாத்திரை வந்த நாளிலிருந்தே பேச்சு குறைந்திருந்தது. உப்பளத்துக்குப் போன அன்றோடு சுத்தமாக நின்றது.

கிறிஸ்டி பொறுத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் நின்று பாதம் வெடித்தது. பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு போனாள், சாக்ஸும் இற்றுப்போனது. அதையெல்லாம் பெரிதாக நினைக்கவில்லை. ஏனென்றால் ஷைனி தேறிக்கொண்டிருந்தாள். பை தொலையவில்லை. கணக்கு முழுசாக முடிந்தது. சாயங்காலம் கிறிஸ்டி அவளை உட்கார்த்தி எழுத வைப்பாள், அதன்பிறகு ஆனந்தம்மாள் அரை மணி நேரம் இங்கிலீஷ் சொல்லித் தருவாள். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க மாட்டார்கள். ஒருத்தி வந்தால் மற்றவள் எழுந்து போய்விடுவாள். நடுவில் பிள்ளை உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

"பார்த்தீங்களாப்பா, நான் உக்காத்தி வச்சதும் வழிக்கு வந்துட்டா. மாத்திரையாம் மாத்திரை" என்று ஆனந்தம்மாள் சொன்னபோதுகூடக் கிறிஸ்டி வாயை மூடிக்கொண்டாள். பெயர் யாருக்குப் போனால் என்ன, பிள்ளை நன்றாக இருந்தால் போதும்.

தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று எல்லோரும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார்கள். வழக்கம்போல வீட்டில் ஆளுக்கொரு ஒறுத்தல். ஏசுராஜ் பீடியை விட்டார். ஜெரால்டு கறியையும் சாராயத்தையும் விட்டான். ஆனந்தம்மாள் காப்பியை விட்டாள், அவளுக்கு அது உயிர். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பங்குக் கோயிலிலிருந்து ஆளுக்கொரு அட்டை உண்டியல் கொடுத்தார்கள். பிடித்ததை விட்டு, அதனால் மிச்சமான காசை நாற்பது நாளும் உண்டியலில் போட்டு, பெரிய வெள்ளியன்று கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுப்பதும் ஆனந்தம்மாள்தான். ஷைனியும் ஓர் உண்டியலைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்து எல்லாம் தலைகீழாகப் போனது.

பை தொலைந்தது. புத்தகம் தொலைந்தது. பிரியங்கா மிஸ் மறுபடி போன் செய்தாள். கிறிஸ்டி விடியுமுன் வேலைக்குப் போய்விடுவதால் காலை மாத்திரையை ஷைனியே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்வது வழக்கம். அட்டையில் மாத்திரை ஒழுங்காகக் குறைந்துகொண்டுதான் வந்தது. அப்புறம் ஏன் இப்படி? கிறிஸ்டிக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, அண்ணி சொன்னதுதான் சரியோ, நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ என்று உப்புப் பாத்தியில் நின்றுகொண்டு யோசிப்பாள். டாக்டரைப் பார்க்க ஈஸ்டருக்கு அடுத்த வாரம்தான் தேதி கொடுத்திருந்தார்கள்.

ஆனந்தம்மாள் யோசிக்கவில்லை. தனக்குத் தெரிந்த சிஸ்டரிடம் பேசி, திண்டிவனம் தாண்டி ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் இடம் பிடித்துவிட்டாள். கண்டிப்பான இடம். மாத்திரை மருந்தெல்லாம் அங்கே கிடையாது. மாதத்தில் ஒரு தடவைதான் பெற்றவர்கள் பார்க்கலாம்.

அதற்காகத்தான் இந்தத் தகரப் பெட்டி.

பரிசுத்த வாரத்தின் புதன்கிழமை, கிறிஸ்டி உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் வந்தது. இடைவேளையில் ஷைனி கேட்டைத் தாண்டி வெளியே போயிருக்கிறாள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு குதிரை நின்றதாம், அதைப் பார்க்க. அது சாதாரண ரோடா, ஈ.சி.ஆர். பஸ்காரன் பிரேக் அடித்ததில் பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் முன்னால் விழுந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

கிறிஸ்டி ஓடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. முழங்கையில் மருந்து போட்டுவிட்டு, பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஜெரால்டு வந்ததும் சொன்னாள்.

"அனுப்பிடுங்க."

"என்ன?"

"ஹாஸ்டலுக்கு அனுப்பிடுங்க. அண்ணி சொல்றபடியே நடக்கட்டும். எனக்கு வளர்க்கத் தெரியலைன்னே இருக்கட்டும்... உயிரோட இருந்தா போதும்."

சொல்லிவிட்டு எழுந்து போய், பெட்டியில் பிள்ளையின் துணியை ஒவ்வொன்றாக மடித்து வைக்க ஆரம்பித்தாள். அடுத்த அறையிலிருந்து ஆனந்தம்மாள் பார்த்தாள். ஜெயித்த முகமாக அது இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பஸ் விஷயம் கேட்டதிலிருந்து அவளும் சாப்பிடவில்லை.

பெரிய வெள்ளி வந்து போனது. சிலுவைப்பாதையில் ஷைனி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மற்றப் பிள்ளைகளோடு போய் உண்டியலைப் பீடத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கிறிஸ்டி சிலுவைப்பாதையின் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலில் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். என் பிள்ளையை என்கிட்ட விட்டுடு சாமி.

சனிக்கிழமை முற்பகல். ஈஸ்டருக்காகக் கிறிஸ்டி வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். உண்டியல்களைப் பிரித்து எண்ணுவதற்காகக் காலையிலேயே மறைக்கல்வி ஆசிரியர்கள் பங்கு மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். ஆனந்தம்மாள் மதியம்தான் வருவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பாதியிலேயே திரும்பி வந்தாள். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. கையில் பிரித்த ஓர் அட்டை உண்டியல்.

ஈரத் தரையில் செருப்போடு நடந்து வந்து கிறிஸ்டியின் முன்னால் நின்றாள்.

"கிறிஸ்டி."

விளக்குமாறு கிறிஸ்டியின் கையிலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்த ஏசுராஜ் நிமிர்ந்து பார்த்தார். மகள் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

"இது என்னன்னு பாரு" என்று ஆனந்தம்மாள் உண்டியலை நீட்டினாள்.

உள்ளே இரண்டு நாணயம் கிடந்தது. மற்றதெல்லாம் மாத்திரை. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய வெள்ளித் தாளோடு, பிரிக்கப்படாமல், உண்டியல் நிறைய மாத்திரை.

கிறிஸ்டி உண்டியலை வாங்கிக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள். வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெரால்டு வாசல்படிக்கு ஓடி வந்தான்.

"ஷைனி, இங்க வாம்மா" என்று ஆனந்தம்மாள் கூப்பிட்டாள். குரலில் டீச்சர் இல்லை.

ஷைனி வந்தாள். உண்டியலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "அதைப் பிரிக்கலாமா அத்தை? சாமிக்குக் குடுத்தது அது."

"மாத்திரையை ஏம்மா இதுல போட்ட?"

"என் ஒறுத்தல்."

"மாத்திரையா?"

"பிடிச்சதைத்தான் விடணும்னு நீங்க சொன்னீங்கல்ல."

"மாத்திரை உனக்குப் பிடிக்குமா?"

ஷைனி சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். "ம். அது போட்டா மிஸ் சொல்றது கடைசி வரைக்கும் கேக்கும். கணக்கு பாதியில ஓடிப் போகாது. யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க. சாக்லேட் விடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா லேசானதை விட்டா ஒறுத்தல் இல்ல, கஷ்டமா இருக்கணும்னு சொன்னீங்க."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல கண்ணு?" என்றாள் கிறிஸ்டி.

"யாருக்கும் தெரியாமத்தான் செய்யணும்மா. தெரிஞ்சா அது பலிக்காதாம். அத்தை சொன்னாங்க."

ஆனந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சொன்னாள்தான். வருஷா வருஷம் தவக்காலத்தின் முதல் வகுப்பில் அதைத்தான் சொல்வாள். பிள்ளைகள் தின்பண்டத்தை விடும், டி.வி.யை விடும், செல்போனை விடும். தன்னைத் தாங்கி நிறுத்துகிற ஒன்றையே ஒரு பிள்ளை எடுத்துச் சாமி காலடியில் வைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"என்ன வேண்டிக்கிட்டு, என்ன கருத்துக்காகம்மா ஒப்புக்கொடுத்த?" என்று கேட்டாள்.

"இப்ப சொல்லலாமா? தவக்காலம் முடிஞ்சிடுச்சா?"

"சொல்லும்மா."

ஷைனி அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்களும் அம்மாவும் பேசணும்னு. மாத்திரையாலதானே சண்டை. அதான் அதையே குடுத்துட்டேன்."

ஏசுராஜ் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஜெரால்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

ஆனந்தம்மாள் கிறிஸ்டிக்கு எதிரில், அதே ஈரத் தரையில், பட்டு போன்ற வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்தாள். "புதன்கிழமை பஸ்ஸுக்கு முன்னாடி போய் நின்னாளே... அது நான் கொண்டுபோய் நிறுத்தின மாதிரிதானே கிறிஸ்டி? ட்யூஷன்ல நான் திருத்திட்டேன்னு பெருமை பேசினேன். கெட்டுப்போனதும் உன்மேல போட்டேன். பிள்ளையை உன்கிட்டேயிருந்து பிரிக்கப் பார்த்தேன்..."

கிறிஸ்டிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மூன்று மாதக் கோபம். எத்தனையோ பேச வேண்டும் என்று உப்பளத்தில் நின்று மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தபோது குரல் உயரவில்லை.

"திட்டியிருந்தீங்கன்னா தாங்கியிருப்பேன் அண்ணி. பேசாம இருந்தீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. கடையை ஏன் விட்டேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா? சாயந்தரம் பிள்ளைகூட ஆள் இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. உப்பளத்துக்குப் போனாத்தான் மத்தியானம் வீட்டுக்கு வர முடியும். அதுக்குத்தான் போனேன். எனக்கு மட்டும் கூடை தூக்கணும்னு ஆசையா?"

ஆனந்தம்மாள் திகைத்துப்போய்த் தம்பி பக்கம் திரும்பினாள். "இது உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்கா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ கோவப்படுவியோன்னு..." என்றான் ஜெரால்டு. அதற்குமேல் அவனால் முடியவில்லை. "தப்பு பண்ணிட்டேன்கா. கிறிஸ்டி, உன்கிட்டயும்தான். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

ஆனந்தம்மாளின் பார்வை கிறிஸ்டியின் பாதத்தில் விழுந்தது. வெடிப்பும் புண்ணுமாக வெளுத்திருந்தது. அதை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தாளா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாளா, அது அவளுக்கே வெளிச்சம். கையை நீட்டி அந்தப் பாதத்தைத் தொட்டாள். கிறிஸ்டி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, என்ன அண்ணி இது, விடுங்க."

"நான் வளர்த்த பிள்ளைக்கு நான் செஞ்சதை விட, நீ பெத்த பிள்ளைக்கு நீ செஞ்சது பெருசும்மா" என்று சொல்லி ஆனந்தம்மாள் உடைந்து அழுதாள். கிறிஸ்டி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அதுவரைக்கும் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. இரண்டு பேரும் ஈரத்தில் உட்கார்ந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் முகத்தை வைத்து அழுதார்கள். ஷைனி கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் வாசலில் ஆட்டுக்குட்டி கத்தியதால் வெளியே ஓடிவிட்டாள்.

கண்ணைத் துடைத்ததும் ஆனந்தம்மாள் செய்த முதல் வேலை சிஸ்டருக்குப் போன் போட்டது. "பிள்ளையை அனுப்பல சிஸ்டர். இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்ல சிஸ்டர், பிரச்சினை ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு அவ அம்மா இருக்கா" என்றாள்.

திங்கட்கிழமை காலை திண்டிவனம் பஸ் போனது. அவர்கள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார்கள். தேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே வாங்க என்று சங்கீதா டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

டாக்டர் ஷைனியைச் சோதித்துவிட்டு, "இவ்வளவு நாள் மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

கிறிஸ்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியை ஒரு கணம் பார்த்தாள். "நான் காலையில வேலைக்குப் போயிடறேனா மேடம்... பிள்ளை மறந்துட்டா. நான் சரியா கவனிக்கல. என் தப்புதான்" என்றாள்.

ஆனந்தம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "பொய் சொல்லாத கிறிஸ்டி. இன்னும் எவ்வளவு நீயே சுமப்ப?" டாக்டர் பக்கம் திரும்பினாள். "நான் பிள்ளையோட அத்தை. டீச்சர். நான்தான் மேடம் காரணம்." ஒன்றுவிடாமல் சொன்னாள். மெண்டல் மாத்திரை என்று தான் சொன்னதைச் சொன்னாள். வகுப்பில் சொல்லித் தந்ததைச் சொன்னாள். பேசாமல் இருந்ததைச் சொன்னாள். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

டாக்டர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, "நீங்க சந்தேகப்பட்டது தப்பில்லைங்க டீச்சர். என்கிட்ட வந்து கேட்டிருக்கணும், அவ்வளவுதான்" என்றார். "நீங்க சாயந்தரம் உக்காத்தி வச்சு சொல்லிக்குடுத்ததும் வீண் இல்ல. மாத்திரை கவனத்தைக் கொண்டுவரும், பாடத்தைக் கொண்டுவராது. அதுக்கு ஆள் வேணும். ரெண்டும் சேர்ந்துதான் அவ தேறினா. பெரியவளானா மாத்திரை தேவைப்படாமலும் போகலாம், அதை அப்பப்பப் பார்த்து முடிவு பண்ணுவோம். இப்பத்திக்குத் திரும்ப ஆரம்பிக்கலாம். ஆனா காலையில ஒரு பெரியவங்க கையால குடுக்கணும். பிள்ளைகிட்ட விடக் கூடாது."

"நான் உப்பள வேலையை விட்டுடறேன் மேடம்" என்றாள் கிறிஸ்டி உடனே. "வேற ஏதாவது பார்த்துக்கறேன்."

"நீ எதையும் விட வேணாம்" என்றாள் ஆனந்தம்மாள். "நீ விட்டது போதும். நாளையிலேர்ந்து மாத்திரையை என் கையால நான் குடுக்கறேன். நீ நிம்மதியா வேலைக்குப் போ."